சுண்ணாம்புக் குகைகளில் எண்ணெய் தேங்குவதை வகுப்பில் விளக்கும் முறை
குமரி மாவட்டத்துப் பாறைகள் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் என்னும் கடினப் பாறை வகையினவாதலால், சுண்ணாம்புப் பாறைக்குப் பதிலாக, அதே பொருளாலான, மணக்குடிக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஓட்டிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள். ஓட்டின் மீது வினிகரை ஊற்றினால் நுரை எழும். கருங்கல் சில்லில் எழாது. கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்ட மழைநீரும், வினிகரைப் போல அமிலத்தன்மை பெற்று, கடலுக்கு மேல் உயர்ந்த சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களை நெடுங்காலம் அரித்துக் குகைகளாக்குகிறது.

அடுத்த கட்டத்தை நிதானமாகச் சொல்லுங்கள். மாணவர் தடுமாறும் இடம் இதுவே. அந்த நிலம் மீண்டும் தாழ, மேலே படிந்த களிமண் இறுகி மூடியாகிறது. பாரம் தாங்காமல் குகைகள் இடிந்தாலும், இடிந்த கற்களுக்கிடையே வெற்றிடம் எஞ்சுகிறது. உயிரினச் சிதைவுகள் நிறைந்த மூலப்பாறை பூமியின் வெப்பத்தில் முதிர்ந்து வெளியிடும் எண்ணெய், நீரைவிட இலேசானதால் பிளவுகள் வழியே மேலேறி, மூடிப்பாறையால் தடுக்கப்பட்டு அவ்வெற்றிடங்களில் தங்குகிறது.

இதைக் காட்ட, கண்ணாடித் தொட்டியில் ஜல்லியும் நீரும் நிரப்பி, கண்ணாடிக் கிண்ணமொன்றை நீருக்குள் கவிழ்த்து, அதன் அடியில் தேங்காய் எண்ணெயைக் குழாயால் செலுத்துங்கள். கிண்ணத்தில் சிக்கிய காற்று, இயற்கை வாயுவைப் போலவே, எண்ணெய்க்கு மேலே நிற்கும்.

சீனாவின் தாரிம் படுகையிலுள்ள டாஹே எண்ணெய் வயலில், 44 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஆர்டோவிசியன் என்னும் புவியியல் காலத்துச் சுண்ணாம்புப் பாறை, 5,000 மீட்டருக்கும் கீழே இவ்வாறே எண்ணெய் தாங்கி நிற்கிறது. குகைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றும் இருப்பதால், எண்ணெய் பொங்கும் கிணற்றின் அருகிலேயே தோண்டிய கிணறு வறண்டுபோகலாம் என்பதையும் தவறாமல் கூறுங்கள்.