கல்லீரலில் ஒட்டுண்ணிக் கட்டியா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கல்லீரலில் நீர்க்கட்டி' என்று பார்த்ததும், புற்றுநோய் இல்லையே என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். சாதாரண நீர்க்கட்டி என்றால் சரி. அது ஹைடாடிட் கட்டியாக இருந்தால் கதையே வேறு. நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் என்ற குட்டி நாடாப்புழுவின் முட்டை நம் வயிற்றுக்குள் போய், கல்லீரலில் தங்கி, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்வதுதான் இது.

பெரிய தவறு, எந்தக் கட்டி என்று தெரியும் முன்பே ஊசி குத்தி நீரை எடுக்க அவசரப்படுவது. உள்ளே இருப்பது பளிங்குபோலத் தெளிந்த நீர். அதன் அடியில் மணல்போலப் படிந்திருப்பவை புழுவின் இளம் தலைகள். ஒவ்வொன்றும் தனிக் கட்டியாக வளரக்கூடியது. அந்த நீர் வயிற்றுக்குள் கசிந்தால் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு திணறி, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அதில் தப்பினாலும், பிறகு வயிறு முழுக்கப் புதுக் கட்டிகள் முளைக்கலாம். ஊசி வழியாகச் செய்யும் சிகிச்சையும் உண்டு. ஆனால் அதை ஏற்ற கட்டிக்கு மட்டும், அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தின் பாதுகாப்போடு, ஒவ்வாமையைச் சமாளிக்கும் ஏற்பாட்டோடுதான் செய்வார்கள். உள்ளே குட்டிக் கட்டிகள் நிறைந்திருந்தால் பொதுவாக அது ஒத்துவராது.

கட்டி இருப்பது தெரிந்தும், கண் மஞ்சளானால் 'வெறும் காமாலை' என்று வீட்டு வைத்தியம் பார்ப்பது அடுத்த தவறு. கட்டி பித்தக்குழாய்க்குள் உடைந்தால், உரித்த திராட்சைத் தோல்போன்ற சவ்வுத் துண்டுகள் குழாயை அடைத்துவிடும். காமாலையோடு குளிர்காய்ச்சலும் வலப்பக்க மேல்வயிற்று வலியும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், ராத்திரியானாலும் சரி. கட்டிக்குள் சீழ் பிடித்தாலும் காய்ச்சலும் வலியும் வரும். அபூர்வமாக அது உதரவிதானத்தைத் துளைத்து நுரையீரலுக்குள் திறந்துகொள்ளும். அப்போது இருமினால் கசப்பான மஞ்சள் சளி வரும். கீழே விழுந்து வயிற்றில் அடிபட்டாலும், கட்டி இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் மாத்திரை. பூச்சி மருந்துதானே என்று ஒரே வேளையோடு நிறுத்துகிறார்கள். இங்கே அல்பெண்டசோலை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் போட வேண்டும். இடையிடையே கல்லீரல் பரிசோதனையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை என்பதால் ஹைடாடிட் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அதேபோல, எல்லாக் கட்டிக்கும் கத்தி வைக்கச் சொல்லி வற்புறுத்துவதும் தவறு. சுருங்கி, சுண்ணாம்பு படிந்து, தொந்தரவில்லாமல் கிடக்கும் கட்டியை அவ்வப்போது ஸ்கேனில் பார்த்தாலே பெரும்பாலும் போதும். அறுவை முடிந்தவர்களுக்கும் சில வருடங்கள் ஸ்கேன் தொடர வேண்டும், ஏனென்றால் இது திரும்ப வரலாம்.

நோயாளியை வீட்டில் ஒதுக்கி வைக்காதீர்கள்; இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. கவனிக்க வேண்டியது நாயைத்தான். ஆடுமாடுகளின் பச்சை ஈரலையும் குடலையும் அதற்குப் போடாதீர்கள், தவறாமல் பூச்சி மருந்து கொடுங்கள், தொட்டு விளையாடியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.