ஆட்டோமேட்டிக் கியர் லீவரை ஸ்டீயரிங்கிலிருந்து தரைக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960, 70களில் வந்த அமெரிக்கக் கார்களிலும் பிக்கப் டிரக்குகளிலும் ஆட்டோமேட்டிக் கியர் லீவர் பெரும்பாலும் ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும். அதைத் தரைக்குக் கொண்டுவருவது அங்குள்ள பழைய வண்டிப் பிரியர்கள் ஆசையாகச் செய்யும் வேலை. கியர்பாக்ஸைப் பிரிக்கத் தேவையில்லை. ஷிஃப்டர் (தரையில் பொருத்தும் லீவர்), அதைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கேபிள், பிராக்கெட் எல்லாம் ஒரே பெட்டியில் கிடைத்துவிடும். அதனால் சுலபம் என்று இறங்கிவிடுகிறார்கள்.

ஆனால் அந்தத் தண்டு கியர் மாற்றுவதை மட்டும் செய்யவில்லை. கியரில் இருக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது, ரிவர்ஸ் லைட்டை எரியவிடுவது, எந்தக் கியரில் இருக்கிறோம் என்று காட்டுவது, சில வண்டிகளில் சாவிப் பூட்டோடு சேர்ந்து வேலை செய்வது எல்லாமே அதன் பொறுப்பு. லீவரை மாற்றிவிட்டு இவற்றை அப்படியே அந்தரத்தில் விடுவதுதான் பெரிய தவறு. எனக்கு நன்கு தெரிந்த செவ்ரோலே வண்டிகளை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நியூட்ரல் சேஃப்டி ஸ்விட்ச். கியர் பார்க்கிலோ (வண்டி உருளாமல் பூட்டி நிறுத்தும் நிலை) நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகவிடும் ஸ்விட்ச் இது. பழைய செவ்ரோலேக்கள் பலவற்றில் ஸ்டீயரிங் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். லீவர் தரைக்குப் போனதும் பல நேரம் வண்டி ஸ்டார்ட் ஆகாது. உடனே அந்த ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு ஊதா வயர்களையும் முறுக்கி ஒட்டி, டேப் சுற்றிவிடுகிறார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், சரி. ஆனால் இனி எந்தக் கியரிலும் ஸ்டார்ட் ஆகும். ஷெட்டில் யாராவது வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினால், டிரைவில் (முன்னே ஓடும் கியரில்) கிடக்கும் வண்டி எதிரே நிற்பவர் மேல் பாய்ந்துவிடும். இதற்குச் சமாதானமே கிடையாது. ஷிஃப்டரோடு வரும் ஸ்விட்சைப் பொருத்தி, அந்த வயர்களை அதற்கு நீட்டிக் கொண்டுவாருங்கள். முடித்ததும் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கியரிலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். பார்க், நியூட்ரல் தவிர வேறு எதிலும் ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது.

அடுத்தது கேபிள் அட்ஜஸ்ட்மென்ட். மேலே லீவர் 'பி' என்ற எழுத்துக்கு நேரே நிற்கிறது என்பதால் கீழே கியர்பாக்ஸும் பார்க்கில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பார்க்கில் ஒரு சிறிய இரும்பு நாக்கு பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து வண்டியைப் பிடிக்கிறது. அது முழுதாக விழாமல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றால், நீங்கள் இறங்கிப் போன பிறகு இன்ஜின் அதிர்விலேயே விலகி வண்டி உருண்டுவிடும். ஓடும் கியர்களிலும் இதே கதைதான். உள்ளே இருக்கும் வால்வு இரண்டு நிலைகளுக்கு நடுவே நின்றால் ஆயில் அழுத்தம் குறையும், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் வழுக்கும், நாளடைவில் கருகிவிடும். நல்ல கியர்பாக்ஸ் கெட்டுப்போனதாக நினைத்துக் கழற்றி இறக்குவார்கள். கடைசியில் கோளாறு கேபிளில்தான் இருந்திருக்கும்.

சரியாகச் செய்யும் முறை இது. வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, கேபிள் முனையைக் கியர்பாக்ஸ் லீவரிலிருந்து கழற்றிவிடுங்கள். அந்த லீவரைக் கையால் அசைத்தால் ஒவ்வொரு நிலையிலும் 'டக்' என்று விழுவது விரலுக்கே தெரியும். ஒரு கோடியில் பார்க், மறு கோடியில் முதல் கியர். கீழேயும் பார்க், மேலே ஷிஃப்டரும் பார்க் என்று வைத்துக்கொண்டு கேபிள் முனையின் பின்னை லீவர் துளைக்குள் போட்டுப் பாருங்கள். இழுக்காமல், நெம்பாமல் தானாக உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் முனையைத் திருகி நீளத்தைச் சரிசெய்யுங்கள். அப்புறம் முதல் கியர் வரை கொண்டுபோய் அங்கேயும் பாருங்கள். பார்க்கில் பொருந்தி மறு கோடியில் பொருந்தவில்லை என்றால், கியர்பாக்ஸில் இருக்கும் லீவரின் நீளமே தவறு. தண்டு ஷிஃப்டுக்கான பழைய லீவரை மாற்றாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் தீராது.

கேபிள் உறையைப் பிடிக்கும் பிராக்கெட் கியர்பாக்ஸிலேயே இருக்க வேண்டும், பாடியில் அல்ல. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்டில் சாயும். பிராக்கெட் பாடியில் இருந்தால் அந்தச் சாய்வே கேபிளை இழுத்து கியரை நகர்த்தப் பார்க்கும். சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் கேபிளை விடாதீர்கள். உறை உருகிவிட்டால் உள்கம்பி இறுகிவிடும்.

ஷிஃப்டரும் கியர்பாக்ஸுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். செவ்ரோலேக்களில் வந்த கியர்பாக்ஸ்களில் பவர்கிளைடுக்கு முன்னோக்கி இரண்டே கியர், டர்போ 350க்கு மூன்று, 700ஆர்4க்கு ஓவர்டிரைவோடு நான்கு. பழைய கார்களிலிருந்து கழற்றி விற்கும் குதிரை லாட வடிவக் கைப்பிடி கொண்ட ஷிஃப்டர்கள் வெளியே ஒன்றுபோலவே தெரியும். உள்ளே ஒவ்வொரு கியருக்கும் பள்ளம் வெட்டிய தகடு வேறு. அதைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

தரையில் ஓட்டை போடுவதில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. பெஞ்ச் சீட்டை முழுக்க முன்னே தள்ளி, லீவரை முதல் கியர் வரை இழுத்து, சீட்டில் இடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரில்லைக் கையில் எடுக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்து பெட்ரோல் பைப், பிரேக் பைப், வயர்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். முடிந்ததும் லீவரைச் சுற்றி ரப்பர் உறை (பூட்) வைத்து இறுக்கமாக மூடுங்கள், இல்லையென்றால் புகைக்காற்று உள்ளே வரும்.

இனி சாவிப் பூட்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடலிலிருந்து கார்களில் சாவியை ஸ்டீயரிங் தண்டுக்கு மாற்றியது. இவற்றில் தண்டின் ஷிஃப்ட் வளையம் (பழைய லீவர் பொருந்தியிருந்த, அதோடு திரும்பும் பகுதி) பார்க்கில் இருந்தால்தான் சாவி லாக் வரை திரும்பும், வெளியே வரும். கம்பெனியே தரை ஷிஃப்டரோடு அனுப்பிய கார்களில் கியர்பாக்ஸிலிருந்து தண்டுக்கு ஒரு கம்பி போகும். தரையில் பார்க்குக்குப் போட்டால்தான் தண்டும் பார்க்குக்கு வரும். வெளியில் வாங்கும் கிட்டுகள் பலவற்றில் இந்தக் கம்பி இருக்காது. அதனால் வளையத்தைப் பார்க்கிலேயே நிரந்தரமாக இறுக்கிவிடுகிறார்கள். சாவி வெளியே வந்துவிடும், ஆனால் ஓடும் வண்டியில் தெரியாமல் சாவியை லாக் வரை திருப்பினாலும் தடுக்க ஒன்றுமில்லை, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். செலவானாலும் அந்தக் கம்பியைத் தேடிப் போடுவதுதான் என் கட்சி.

தண்டில் இருக்கும் பழைய கியர் முள்ளையும் விட்டுவைக்காதீர்கள். அது ஒரே இடத்தில் நின்றுகொண்டு, புதிதாக ஓட்டுபவருக்குத் தவறான கியரைக் காட்டும். எழுத்துகள் தெளிவாகத் தெரியும் தகட்டைப் புது ஷிஃப்டரில் பொருத்துங்கள். 1968 முதல் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி 102, கியர் நிலைகள் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றும், கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் இயங்கக் கூடாது என்றும் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்துகிறது. வீட்டு ஷெட்டில் மாற்றும் வண்டிக்கும் அந்த இரண்டும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுங்கள்.