ஊரோடு வந்து இருக்கப்போறவைக்கு: முதலில் நாளை எண்ணுங்கோ

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் குசினிச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. மனுசி அதில் இராகுகாலம் பார்ப்பா. நான் ஊரில் நின்ற நாளுக்குச் சிவப்பு வட்டமும் கனடாவில் நின்ற நாளுக்கு நீல வட்டமும் போடுவேன். கனடாவில் வேலையால் ஓய்வுபெற்று ஊருக்கு வந்த முதல் வருஷம் இதைச் செய்யாமல் விட்டு, அங்கத்தைய ஒன்ராறியோ மாகாண மருத்துவ அட்டைக்கு நாள் போதாமல் போய் முழித்தேன். எந்த 12 மாதத்திலும் 153 நாள் அங்கே நின்றால்தான் அந்த அட்டை நிலைக்கும். கோடைக்கு ஒரு நடை போய் வந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

இங்கேயும் நாள் கணக்குத்தான். இலங்கையின் வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. “ஒக்டோபரில் வந்தால் மார்ச்சுக்குள் 183 நாள் வராது, தப்பலாம்” என்று கலியாண வீட்டுப் பந்தியில் சொல்லித்தர ஒருவர் எப்போதும் இருப்பார். நம்பாதேங்கோ. அந்த வரி வருடத்தில் தொடங்குகிற அல்லது முடிகிற எந்த 12 மாதத்திலும் 183 நாள் சேர்ந்தாலே நீங்கள் வதிபவர். வதிபவர் என்றால் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். இலங்கைக்கும் கனடாவுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, பிரித்தானியாவோடும் இருக்கிறது. ஆனால் எந்த நாட்டின் வதிபவர் என்று கடதாசியில் தெளிவாக இருந்தால்தான் அது கைகொடுக்கும். அங்கே வீட்டையும் வைத்து, மனுசியையும் விட்டுவிட்டு வந்து “நான் கனடாவை விட்டுட்டன்” என்றால் கனடா வரித்துறை கேளாது.

கனடாவில் 18 வயதுக்குப் பிறகு 20 வருடம் இருந்தவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் ஊருக்கும் வரும். வருமானம் குறைந்தவர்களுக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் நின்றால் நின்றுவிடும். அதை நம்பி மாதச் செலவைப் போடாதேங்கோ.

லண்டன் ஆட்களுக்கு வேறு தலையிடி. பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கையில் உறைந்துவிடும். இங்கே எடுக்கத் தொடங்கிய தொகைதான் பத்து வருடம் போனாலும் வரும். சுவிஸ் குடியுரிமை உள்ளவருக்கு ஏ.எச்.வி. என்கிற அந்த நாட்டு முதியோர் ஓய்வூதியம் எங்கே இருந்தாலும் கிடைக்கும். இலங்கைக் கடவுச்சீட்டோடு மட்டும் நிரந்தரமாக வெளிக்கிட்டால் ஓய்வூதியம் பின்னால் வராது. ஒரு வருடமாவது கட்டியிருந்தால் கட்டிய காசைத் திருப்பிக் கேட்கலாம்.

இனிக் காசு. ஆஸ்பத்திரி வீதியில் வங்கி வங்கியாக ஏறி, எங்கே வட்டி கூட என்று கேட்பதுதான் எல்லாரும் செய்கிற முதல் வேலை. நானும் செய்தேன். ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அதற்கு முன் எல்லாவற்றையும் ரூபாவாக மாற்றிப் போட்டவர்களின் முகத்தைப் பார்த்தவன் நான். ஒன்றிரண்டு வருடச் செலவுக்கு மட்டும் ரூபா, மிச்சம் வெளிநாட்டு நாணயக் கணக்கில் என்பதே என் கணக்கு. வங்கி முறிந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதியும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரைதான். ஒரே வங்கியில் நாலு நிலையான வைப்புப் போட்டாலும் அது ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

வட்டியில் 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். ஒரு கோடி ரூபாவுக்கு 8 வீத வட்டி என்று வையுங்கோ. வருடம் 8 இலட்சம், அதில் 80,000 வங்கியிலேயே போய்விடும். ஆனால் வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருந்தால் வரி அடையாள இலக்கத்தோடு சுய பிரகடனப் படிவம் கொடுத்து அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். கவுண்டரில் இருக்கும் பிள்ளை தானாகச் சொல்லாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டு ஓய்வூதியமும் வந்தால் கணக்காளரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கோ.

வங்கி ஊடாக இல்லாமல் ஆள் மூலம் உண்டியலில் காசு கொண்டுவருகிற பழக்கத்தை அங்கேயே விட்டுட்டு வாங்கோ. வெளிநாட்டுப் பிரசையாக இங்கே முதலிடுவதென்றால் உள்முக முதலீட்டுக் கணக்கு, அதாவது வெளிநாட்டு முதலீட்டுக் காசு உள்ளே வருவதற்கென்று வங்கியில் திறக்கும் கணக்கு, ஊடாகக் காசு வரவேண்டும். பிறகு விற்று, பேரப்பிள்ளையின் படிப்புக்கென்று திருப்பி அனுப்ப நினைத்தால் வங்கி கேட்பது அந்த வரவுச் சீட்டைத்தான். என் சிநேகிதன் ஒருவன் உண்டியல் காசில் சாவகச்சேரியில் கடை எடுத்தான். கடை போன வருடம் விற்றுப்போனது, காசு இன்னும் ரூபாவாக அவன் கணக்கில் கிடக்கிறது.

காணி வாங்கும் எண்ணம் இருந்தால் இரட்டைக் குடியுரிமையை முதலில் எடுங்கோ. அது இல்லாத வெளிநாட்டுப் பிரசை பெயரில் காணி விலைக்கு வாங்கி உறுதி முடிக்க 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் விடாது. தாய் தகப்பன் வழியில் முதுசமாக வருவது வேறு விஷயம்.