அயர்லாந்துப் புரட்சிக்காலப் பொருள்கள்: சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சி முதல் 1921 போர்நிறுத்தம் வரையிலான அயர்லாந்துப் பொருள்களில் அப்பட்டமான போலிகள் உண்டு. அவற்றைவிட அதிகம் ஏமாற்றுவது, உண்மையான பொருளோடு ஒட்டிவரும் பொய்க் கதை. கதைக்குத்தான் விலை ஏறுகிறது.

போலி நகல்களில் பலர் சறுக்குவது, எழுச்சியாளர்கள் வெளியிட்ட குடியரசுப் பிரகடனத்தில். 1916 ஏப்ரல் 23 அன்று டப்ளின் லிபர்ட்டி ஹாலில், பழைய வார்ஃப்டேல் எந்திரத்தில் அது அச்சானது. அச்செழுத்துகள் போதவில்லை. மேல்பாதியை அச்சிட்டு முடித்து, அதே எழுத்துகளைப் பிரித்துக் கோத்து, அதே தாள்களில் கீழ்ப்பாதியை அச்சிட்டார்கள். வேறு அச்சுருவைச் சேர்ந்த ஆங்கில ‘ஈ’ (e) எழுத்துகள் நடுநடுவே கலந்திருக்கும். ஓரிடத்தில் ‘எஃப்’ (F) எழுத்தில் அரக்கு ஒட்டி ‘ஈ’ (E) ஆக்கியிருக்கிறார்கள்.

இந்தக் குறைகளைச் சரிபார்த்ததும் மூலப்பிரதி என்று முடிவுகட்டுவதுதான் தவறு. மூலத்தைப் படமெடுத்து அச்சிட்ட நகலிலும் அத்தனையும் அப்படியே இருக்கும். 1966, 2016 நினைவு ஆண்டுகளில் நகல்கள் ஏராளமாக வெளிவந்தன. எனவே சட்டகத்திலிருந்து தாளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். சட்டகத்தோடு மட்டுமே காட்டுவோம் என்றால் வாங்காதீர்கள். மூலம் ஏறத்தாழ 30 அங்குல உயரம், 20 அங்குல அகலம், தாள் மட்டரகமானது. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் ஈய எழுத்து அழுந்திய பள்ளம் தெரிய வேண்டும். பின்பக்கத்திலும் அதன் தடம் தெரியலாம். இரு பாதிகளிலும் மையின் அடர்த்தி மாறும், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி பிரதிக்குப் பிரதி வேறுபடும். பத்து மடங்கு லென்ஸில் புள்ளிப்புள்ளியாகத் தெரிந்தால் அது படநகல்.

பதக்கங்களில் வேறு சிக்கல். 1916 பதக்கமும், 1917–1921 சேவைப் பதக்கமும் 1941-இல்தான் வழங்கப்பட்டன. ‘எழுச்சியின்போது சட்டையில் அணிந்திருந்தார்’ என்று விற்பவர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கறுப்பும் பழுப்புமான ரிப்பன் கொண்ட சேவைப் பதக்கத்தில் ‘கோம்ரக்’ என்ற பட்டை இருந்தால், அது நேரடிப் போரில் ஈடுபட்டவருக்கு உரியது. பட்டையில்லாதது அதிகம் கிடைக்கும், விலையும் குறைவு. அதனால் தனியாக வாங்கிய பட்டையை மாட்டி விற்கிறார்கள். பெரும்பாலான பதக்கங்களில் அதிகாரப்பூர்வமாகப் பெயர் பொறிக்கப்படவில்லை. ஆகவே பெயர் இருந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

பதக்கம் யாருடையது என்பதைக் காகிதம்தான் சொல்லும். டப்ளினில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளும், 1,773 பங்கேற்பாளர் வாக்குமூலங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் கட்டுமுன் பெயர், ஊர், படைப்பிரிவு மூன்றையும் அங்கே தேடுங்கள். ஐரிஷ் வடிவப் பெயரையும் மறக்காதீர்கள்: எழுச்சித் தலைவர் பேட்ரிக் பியர்ஸ், பாட்ரிக் மக் பியாரிஷ் என்றும் கையெழுத்திட்டவர். கோப்பில் பெயர் இல்லை என்பதாலேயே கதை பொய்யாகிவிடாது. எல்லோரும் ஓய்வூதியம் கேட்கவில்லை. ஆனால் ஆதாரமில்லாத கதைக்கு ஆதாரமுள்ள விலையைக் கொடுக்காதீர்கள்.

துப்பாக்கியிலும் இதே கதைதான். 1914 ஜூலை 26 அன்று டப்ளின் அருகே ஹௌத் துறைமுகத்தில் ஐரிஷ் தொண்டர் படைக்காகக் கடத்திவந்து இறக்கியவை 900 மௌசர் துப்பாக்கிகள், சில நாளில் கில்கூல் கடற்கரையில் 600. அந்த 1871 மாதிரி ஜெர்மனியில் பெருமளவில் தயாரானது, எனவே அந்த மாதிரி எல்லாமே ஹௌத்தில் இறங்கியதல்ல. ‘ஹௌத் துப்பாக்கி’ என்ற சீட்டைக் கட்டிவிட்டால் போதாது, அது வந்த வழிக்குச் சான்று வேண்டும். ஆயுதச் சட்டத்தையும், பழைய ஆவணங்களை அயர்லாந்திலிருந்து வெளியே கொண்டுபோக ஏற்றுமதி அனுமதி தேவையா என்பதையும் ஏலத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியபின் செய்யும் சேதம் தனி. வெண்கலத்தைப் பளபளப்பாக்காதீர்கள், நூறாண்டை நெருங்கும் கருமை போனால் திரும்பாது. பழைய ரிப்பன் நைந்திருந்தாலும் மாற்ற வேண்டாம். எழுச்சிக் கைதிகளை அடைத்துவைத்த வேல்ஸின் ஃப்ராங்கோக் முகாம் கையெழுத்துப் புத்தகம், கைத்துண்டறிக்கை போன்றவற்றை லாமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். அமிலமற்ற அட்டையோடு பாலியெஸ்டர் உறையில் இட்டு, வெயில் படாத இடத்தில் கிடைமட்டமாக வையுங்கள்.