வெடிக்கும் விண்மீனுக்குள் ஒரு நியூத்திரினோவின் பயணம்: பைத்தானில் தொடக்கப் பயிற்சி

பெப்ரவரி மாதத்து முன்னிரவில், முகில் இல்லாத நாளாகப் பார்த்துக் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் நின்றால், தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே பெரிய மகெல்லன் முகில் என்னும் அயல் விண்மீன் மண்டலம் இருக்கும். அதில்தான் 1987 பெப்ரவரி 23 அன்று காணப்பட்ட சுப்பர்நோவா, அதாவது வெடிக்கும் விண்மீன், தோன்றியது. ஜப்பானின் கமியோகாண்டே உணரியில் அதன் நியூத்திரினோக்கள், அதாவது பொருளுடன் மிக அரிதாகவே மோதும் நுண்துகள்கள், ஏறத்தாழ 12 செக்கன்களாக வந்து பதிந்தன. விண்மீனின் இடிந்து விழுந்த மையத்தின் ஆரை சில பத்துக் கிலோமீற்றர்தான். ஒளியின் கதியில் 30 கிலோமீற்றரைக் கடக்க 0.1 மில்லிசெக்கன் போதும். அப்படியிருக்க, இத்தனை செக்கன் ஏன்? உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்துப் பைத்தான் பழகிய மாணவர் எவரும் இதற்கான விடையைத் தமது மடிக்கணினியிலேயே காணலாம்.

அடர்ந்த மையத்தில் நியூத்திரினோவும் நேராக வெளியேறாமல், பொருளுடன் மோதி மோதித் திசை மாறியே செல்கிறது; அதையே கணிக்கப் போகிறோம். முதலில் மூன்று மாறிகளை எழுதுங்கள்: கோளத்தின் ஆரை 30 கிலோமீற்றர், இரு மோதல்களுக்கு இடைப்பட்ட சராசரித் தூரம் 1 கிலோமீற்றர், கதி செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர். துகள் மையத்தில் தொடங்கட்டும். அடுத்த மோதல் வரை அது செல்லும் தூரத்தைப் பெற, 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எழுமாற்று எண்ணை எடுத்து, அதன் இயற்கை மடக்கையைச் சராசரித் தூரத்தால் பெருக்கிக் குறியை மாற்றுங்கள்.

திசையைத் தெரிவுசெய்யும்போது மிகுந்த கவனம் வேண்டும். செல்லும் திசைக்கும் ஆரைக்கும் இடைப்பட்ட கோணத்தைச் சீராகத் தெரிவுசெய்தால், கோளத்தின் முனைகளை அண்டிய பரப்புச் சிறிதாக இருப்பதால், துகள்கள் அளவுக்கு மீறி ஆரை வழியே குவிந்துவிடும். ஆகவே கோணத்தின் கோசைனையே −1 முதல் +1 வரை சீராகத் தெரிவுசெய்ய வேண்டும். பழைய ஆரையின் வர்க்கம், சென்ற தூரத்தின் வர்க்கம், அந்த ஆரை, தூரம், கோசைன் ஆகிய மூன்றினதும் பெருக்கத்தின் இரு மடங்கு ஆகியவற்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் புதிய ஆரை கிடைக்கும். அது 30ஐத் தாண்டும் வரை இதையே திரும்பச் செய்து நேரத்தைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஆயிரம் துகள்களின் சராசரி நேரம் 1.5 மில்லிசெக்கனை அண்டியிருக்கும். சராசரித் தூரத்தைப் பாதியாக்கினால் நேரம் இரு மடங்காகும், மோதல்களோ நான்கு மடங்காகும். அது 1 மீற்றராகச் சுருங்கும்போது நேரம் 1.5 செக்கனாகிறது, ஆனால் ஒரேயொரு துகளுக்கே ஏறத்தாழ 45 கோடி மோதல்களைக் கணிக்க நேர்கிறது. இதனாலேயே அடர்ந்த மையத்தில் துகள்களைத் தனித்தனியே தொடராமல் அவற்றின் கூட்டம் மொத்தமாகப் பரவுவதைக் கூறும் பரவல் சமன்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

வெகு வெளியே நியூத்திரினோ தடையின்றிப் பறப்பதால் அங்கும் கணிப்பு எளிது. உண்மையான கடினம் இடைப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது. விண்மீனை வெடிக்கச் செய்யும் அதிர்ச்சி அலை வழியில் தேங்கி நிற்க, அதற்கு நியூத்திரினோக்கள் மீண்டும் வலுவூட்டுவது அங்கேதான் என்பதை பௌதிகவியலாளர்களான பெத்தேயும் வில்சனும் 1985இல் விளக்கினர். அங்கே இடத்துக்கு மூன்று, திசைக்கு இரண்டு, சக்திக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என ஏழு மாறிகளைக் கொண்டு துகள்களின் பரம்பலைக் கூறும் போல்ட்ஸ்மன் சமன்பாட்டைத் தவிர்க்க முடியாது.

இனிச் சக்தியையும் சேருங்கள். மோதும் வாய்ப்பு ஏறத்தாழச் சக்தியின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 10 மெகா இலத்திரன்வோல்ற்றுச் (துகள்களின் சக்தியை அளக்கும் அலகு) சக்திக்குச் சராசரித் தூரமாக 1 கிலோமீற்றர் கொடுத்தால் 20க்கு 250 மீற்றர் கொடுக்க வேண்டும். இரண்டு கூட்டங்களும் வெளியேறும் நேரங்களை ஒரே வரைபில் வரைந்து, அதிக சக்தியுடையவை எவ்வளவு பிந்துகின்றன என்று அளந்து பாருங்கள்.