உருட்டி, குளிர வைத்து, வெட்டிச் சுடும் வெண்ணெய் குக்கீஸ்

முதன்முதலாக குக்கீஸ் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பழைய முறையைத்தான். அச்சு வேண்டாம், மாவைத் தேய்த்துப் பரப்பும் வேலையும் இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில், ஐஸ் கட்டி வைத்த பெட்டிக்குள் மாவைக் குளிர வைத்துச் செய்ததால் இதற்கு ‘ஐஸ்பாக்ஸ் குக்கீஸ்’ என்றும் பெயர் உண்டு.

தேவையானவை: உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், மைதா 160 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். முட்டை வேண்டாம் என்றால் 1 டேபிள்ஸ்பூன் பால் போதும்.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழி விழும் பதத்தில் இருக்க வேண்டும். எண்ணெயாய்ப் பளபளக்கக் கூடாது. சர்க்கரை சேர்த்து, நிறம் வெளுக்கும்வரை 3 நிமிடம் அடியுங்கள். அப்புறம் மஞ்சள் கரு, எசன்ஸ். கடைசியாக மைதாவையும் உப்பையும் சலித்துப் போட்டு, வெள்ளை மாவு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். அழுத்திப் பிசைந்தால் குக்கீஸ் கடினமாகிவிடும்.

மாவை பட்டர் பேப்பரில் வைத்து 5 செ.மீ. தடிமனுக்கு உருளையாக உருட்டுங்கள். சுமார் 16 செ.மீ. நீளம் வரும். பேப்பரின் இரண்டு முனைகளையும் முறுக்கி, ஃப்ரிட்ஜில் குறைந்தது 2 மணி நேரம் வையுங்கள். முதல் அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை உருளையைப் புரட்டிவிட்டால் அடிப்பக்கம் தட்டையாகாது.

இந்த 2 மணி நேரத்தில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நான் ஒருமுறை அரை மணியிலேயே எடுத்துச் சுட்டேன். வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டி ட்ரே முழுக்க ஒரே தகடாகிவிட்டது. வெண்ணெய் நன்றாக இறுகியிருந்தால், அது உருகி ஓடுவதற்குள் ஓரங்கள் வெந்து நின்றுவிடும். வடிவம் கெடாமல் இருப்பது அதனால்தான்.

ஓவனை 175 டிகிரி செல்சியஸில் முன்சூடு செய்யுங்கள். கூர்மையான கத்தியால் 6 மி.மீ. கனத்தில் வில்லை போடுங்கள். இரண்டு வில்லைக்கு ஒருமுறை உருளையைக் கால்வட்டம் திருப்பினால், கத்தியின் அழுத்தம் ஒரே பக்கம் விழாமல் வட்டம் வட்டமாகவே இருக்கும். வெட்டும்போது மாவு உதிர்கிறதா? குளிர் அதிகம், 5 நிமிடம் வெளியே வையுங்கள். நசுங்குகிறதா? மறுபடி ஃப்ரிட்ஜுக்கு.

பட்டர் பேப்பர் விரித்த ட்ரேயில் 3 செ.மீ. இடைவெளி விட்டு அடுக்கி, 10 முதல் 12 நிமிடம் சுடுங்கள். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். நடுப்பகுதி தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். 5 நிமிடம் ட்ரேயிலேயே விட்டால் தானாக இறுகும்.

மொத்தம் 25 குக்கீஸ் வரை வரும். ஒரே நாளில் அத்தனையும் தேவையில்லை என்றால் பாதி உருளையை இறுக்கமாகச் சுற்றி, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். 2 மாதம் வரை நன்றாக இருக்கும். சுடுவதற்கு முந்தின இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டால், காலையில் வெட்ட வேண்டியதுதான்.