உணவு ஆலையில் ரசாயனப் பாதுகாப்பு: பெரிய பேரலை விடுங்கள், சின்ன கேனைப் பாருங்கள்

நான் வேலை செய்வது கொங்குப் பக்கம் உள்ள நடுத்தரமான ஒரு பால் பதனிடும் ஆலையில். மூன்று வருடம் முன்பு ஒரு இரவு ஷிப்டில், கழுவும் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் கேனில் மிச்சமிருந்த ஹைப்போவை (கிருமி நீக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) நைட்ரிக் ஆசிட் இருந்த வாளியில் ஊற்றிவிட்டார். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன், உள்ளே இருப்பதும் இரண்டும் லேசான மஞ்சள். ஊற்றிய கையோடு பச்சை கலந்த மஞ்சளாகப் புகை எழும்பியது, தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். அது குளோரின் வாயு. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பியவர், "ரெண்டும் மஞ்சத் தண்ணிதானே சார், நான் என்னத்தைக் கண்டேன்" என்றார். அவர் சொன்னது நியாயம். ஸ்டோரில் இருந்த பெரிய பேரல்களில் ஸ்டிக்கர் எல்லாம் சரியாக இருந்தது, தணிக்கைக்கு வருபவர்கள் பார்ப்பதும் அதைத்தான். அதிலிருந்து பிரித்து ஊற்றிய ஐந்து லிட்டர் கேனில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். சிஐபியில், அதாவது குழாய்களையும் டேங்க்குகளையும் கழற்றாமலே உள்ளே கழுவும் முறையில், எதை எப்போது ஓட்ட வேண்டும் என்பதற்குள் போகவில்லை, ஆலையில் இருப்பவர்களுக்கு அது தெரியும்.

முதல் வேலை: நடந்து பார்த்துப் பட்டியல் எடுப்பது

ஸ்டோர் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பட்டியல் எழுதாதீர்கள். நோட்டோடு ஆலை முழுக்க நடங்கள். சிங்க் அடியில், லேப் அலமாரியில், பாய்லர் பக்கம், கழிவறையில், செக்யூரிட்டி அறையில்கூடப் பாருங்கள். எங்களிடம் ரிஜிஸ்டரில் இல்லாத பொருள்கள் நிறையக் கிடைத்தன, எலி மருந்து உட்பட. ஒன்று குடிதண்ணீர் பாட்டிலில் இருந்தது, மூடியைத் திறந்து பார்த்தால் காஸ்டிக் சோடாக் கரைசல். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டோம்: தண்ணீர் பாட்டிலில் ரசாயனம் என்பது எந்தக் காரணத்துக்கும் கிடையாது.

இரண்டாவது: எஸ்டிஎஸ் வாங்குவது

ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தகவல் தாளை (எஸ்டிஎஸ்) விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள். அதில் 16 பகுதி இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்க வேண்டாம், முதலில் 4, 6, 7, 8, 10 போதும். முதலுதவி, சிந்தினால் என்ன செய்வது, எப்படி வைப்பது, கையுறையும் கண்ணாடியும் என்ன, எதோடு சேரக் கூடாது என்பவை அவை. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது 10.

மூன்றாவது: பிரித்து வைப்பது

ஆசிட் ஒரு மூலை, காஸ்டிக் ஒரு மூலை, ஹைப்போ தனி அறை. ஹைப்போவும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின், ஹைப்போவும் அமோனியாவும் சேர்ந்தால் குளோரமைன், இரண்டுமே நுரையீரலைப் பதம் பார்க்கும். கேன்களுக்குக் கீழே தொட்டி மாதிரி தடுப்பு வேண்டும், இருப்பதிலேயே பெரிய கேன் உடைந்தாலும் முழுதும் தாங்கிக் கொஞ்சம் மிச்சம் இருக்கும் அளவுக்கு. காஸ்டிக்கை அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் அந்தப் பக்கம் அலுமினியமே வேண்டாம். இன்னொன்று, சிந்திய நைட்ரிக் ஆசிடில் மரத்தூளைக் கொட்டாதீர்கள், தீப்பிடிக்கலாம். மணல் வாளி வையுங்கள்.

நான்காவது: அந்தச் சின்ன கேன்

இங்கேதான் நாங்கள் நிறைய நாள் தடுமாறினோம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதலில் பேப்பரில் பெயர் அச்சடித்து லேமினேட் செய்து கேன்களில் ஒட்டினோம். நீராவியும் காஸ்டிக்கும் பட்டு இரண்டே வாரத்தில் உரிந்து தரையில் கிடந்தது. மார்க்கரில் எழுதினோம், ஈரக் கையால் நாலு தடவை தூக்கியதும் அழிந்துவிட்டது. கடைசியில் கேனின் நிறத்தையே மாற்றிவிட்டோம்: ஆசிடுக்குச் சிவப்பு, காஸ்டிக்குக்கு நீலம், ஹைப்போவுக்கு மஞ்சள், ஒன்றுக்கு வாங்கிய கேன் கடைசிவரை அதற்கு மட்டும். கேனின் உடம்பில் ஸ்டென்சில் வைத்துப் பெயின்டில் பெயரும் படமும். கைப்பிடியில் கேபிள் டை போட்டு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் என்றைக்கு ஊற்றியது, எவ்வளவு செறிவு என்று இருக்கும்.

பேரலிலிருந்து எடுக்கக் கைப்பம்பு வாங்குங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பம்பு. ஒரே பம்பைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று பர்ச்சேஸில் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஷிப்ட் முடிந்து கேனில் மிச்சம் இருந்தால் அதைத் திரும்பப் பேரலில் ஊற்றவே கூடாது.

கையுறை விஷயத்தில் என் கருத்து உறுதியானது: லேபில் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறை அடர் நைட்ரிக் ஆசிடுக்கு உதவாது. முழங்கை வரை வரும் கனமான பிவிசி அல்லது நியோப்ரீன் வாங்குங்கள். கண்ணுக்கு, நாலு பக்கமும் மூடிய காகிள்ஸ் போட்டு அதன்மேல் முகக் கவசம்.

ஐந்தாவது: கலப்பது

தண்ணீரில் ரசாயனம், ரசாயனத்தில் தண்ணீர் அல்ல. காஸ்டிக் செதில்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பச்சைத் தண்ணீரை முதலில் நிரப்பி, செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். 100 லிட்டருக்கு ஏறக்குறைய 1.5 சதவீதம் வேண்டுமென்றால் 1.5 கிலோ. ஹைப்போ 10 சதவீதம் என்று வாங்கியிருந்தால் 100 லிட்டருக்கு 200 மில்லி போட்டால் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) வரும். ஆனால் நம் வெயிலில் ஹைப்போ சீக்கிரம் வீரியம் குறைந்துவிடும், பில்லில் உள்ள 10 கேனில் இருக்காது. கலந்தபின் குளோரின் பட்டையை நனைத்துப் பாருங்கள், மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள்.

கழுவி முடித்த கடைசித் தண்ணீரை ஒரு டெஸ்ட் ட்யூபில் பிடித்து இரண்டு சொட்டு ஃபீனால்ஃப்தலீன் விடுங்கள். ரோஸ் நிறம் வந்தால் காஸ்டிக் இன்னும் குழாயில் இருக்கிறது, அடுத்து வருவது பால். ஆசிட் ஓட்டிய பிறகு இந்தச் சொட்டு ஒன்றும் காட்டாது, அதற்கு பிஎச் பட்டைதான்.

ஆறாவது: அமோனியா

2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதனிடும் ஆலை ஒன்றில் அமோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அமோனியாவில் ஓடும் குளிர்பதன ஆலை வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள அபாயம் இது. ஒரு நாளில் பத்து மணி நேரம் வரையான வேலைக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் வரம்பு 25 பிபிஎம், 300 என்றால் உயிருக்கே உடனடி ஆபத்து. வால்வுகளில் நுண்ணிய கசிவைக் கண்டுபிடிக்க ஈரமாக்கிய சிவப்பு லிட்மஸ் தாளைக் காட்டுங்கள், நீலமாகிவிடும். அமோனியா லைனில் தேங்கும் கம்ப்ரசர் ஆயிலை வடிக்கும் வேலையில் அதிகக் கவனம் வேண்டும்: கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு இல்லாமல் அதைச் செய்யவே கூடாது, வால்வைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தரையில் தேங்கிய திரவ அமோனியாமேல் தண்ணீர் அடிக்காதீர்கள், இன்னும் வேகமாக ஆவியாகும். பரவும் ஆவியை அடக்கத்தான் தண்ணீர்த் திரை.

வாயு கசிந்தால் ஆட்கள் போய்க் கூடுமிடம் இரண்டு வையுங்கள். எங்கள் பக்கம் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் திசை மாறிவிடும். ஒரே கேட்டை நம்பினால் பாதி வருடம் வாயு வரும் திசையில்தான் ஆட்களை ஓடச் சொல்வோம். கூரையில் கட்டிய, காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்துக் குறுக்காக ஓடப் பழக்குங்கள்.

கண் கழுவும் குழாய் பத்து நொடியில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும், 15 நிமிடம் விடாமல் தண்ணீர் வர வேண்டும். பாட்டில் வகை எனக்குப் பிடிக்காது, ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். வாரம் ஒரு தடவை திறந்துவிட்டு, மதியம் அந்தத் தண்ணீர் கொதிக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். எங்களுடையது கொதித்தது, குழாய் மொட்டைமாடி வழியாக வந்துகொண்டிருந்தது.

பின்சேர்க்கை 1: நாமக்கல் பக்கம் முட்டைப் பொடி ஆலையில் இருக்கும் ஒருவர் கேட்டார், கேன்களை எல்லாம் பிரித்து வைத்தும் ஏன் சாக்கடைப் பக்கம் குளோரின் வாடை வருகிறது என்று. காரணம் சாக்கடைதான். தரை கழுவிய ஹைப்போவும் சிஐபி ஆசிடும் கீழே ஒரே குழியில் சந்திக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் விடாதீர்கள், நடுவில் நிறையத் தண்ணீர் விடுங்கள், அந்தக் குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். கழிவறை கழுவும் ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தாலும் இதே வாயுதான், வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

பின்சேர்க்கை 2: கேன்களில் தமிழும் இந்தியும் எழுதியிருந்தோம். ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் தம்பிகள் இருவருக்கு இந்தி பேச வரும், படிக்க வராது என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவர்களையே ஒடியாவில் எழுதித் தரச் சொல்லி, அதை வைத்துப் புது ஸ்டென்சில் வெட்டியிருக்கிறோம்.